கியோட்டோவில் இனிப்பும் கைவினைப் பொருளும்: எதை எந்த நாளில் வாங்கி, எப்படி முழுசாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பது

கியோட்டோ போய்விட்டு வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு சோகங்கள் இருக்கும். ஒன்று கல்லாகிப்போன மோச்சி (அரிசி மாவு இனிப்பு), இன்னொன்று விளிம்பு உடைந்த கிண்ணம். கடைக்காரர் ஏமாற்றியிருக்க மாட்டார். முதல் நாளே இனிப்பை வாங்கிக் குவித்து, கடைசி நாள் ராத்திரி பீங்கானைத் துண்டில் சுற்றித் திணித்தால் இப்படித்தான் ஆகும். வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமான வழிகாட்டி.

கியோட்டோவை வைத்தே சொல்கிறேன். ஜப்பானில் வேறு ஊருக்குப் போனாலும் கடைப் பெயர்தான் மாறும், முறை ஏறக்குறைய இதுவேதான்.

1. டிக்கெட் போடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

கியோட்டோவில் மாதா மாதம் இரண்டு பெரிய சந்தைகள் கூடும். 21ஆம் தேதி தோஜி கோவில் வளாகத்தில் ஒன்று, 25ஆம் தேதி கிதானோ தென்மங்கு ஆலயத்தில் ஒன்று. பழைய கிமோனோ, பீங்கான், மரச்சாமான் எல்லாம் கடைகளைவிட மலிவாகக் கிடைப்பது இங்கேதான். பயணம் 22ஆம் தேதி தொடங்கி 24இல் முடிந்தால் இரண்டுமே கைநழுவிப் போகும். ஒரு நாள் முன்னே பின்னே தள்ள முடியுமானால் தள்ளுங்கள்.

இனிப்புக்கும் பருவம் உண்டு. வசந்தத்தில் உப்பிட்ட செர்ரி இலை சுற்றிய சகுரா மோச்சி, மே மாதம் ஓக் இலையில் மடித்த காஷிவா மோச்சி, ஜூன் 30ஆம் தேதி சாப்பிடும் முக்கோண வடிவ மினாசுகி, இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட் கொட்டையில் செய்தவை என்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். படத்தில் பார்த்த இனிப்பை அக்டோபரில் போய்க் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். செர்ரி இலையைச் சாப்பிடலாம், ஓக் இலையை உரித்துப் போட்டுவிட வேண்டும். இதில் தடுமாறாத புதியவர் குறைவு.

பழைய கடைகள் பலவற்றுக்கு வார நடுவில் விடுமுறை இருக்கும், சிலவற்றில் கார்டும் செல்லாது. போக நினைக்கும் கடைகளின் விடுமுறை நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் யென் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

2. பெட்டியை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

போகும்போதே பெட்டி நிரம்பியிருந்தால் எதை வாங்கினாலும் சிக்கல்தான். பாதி காலியாகக் கொண்டுபோங்கள். குமிழ்த்தாள் ஒரு சுருள், ஒட்டும் டேப், மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றிரண்டு இருந்தால் போதும். ஜப்பானிலும் இதெல்லாம் கிடைக்கும், ஆனால் வேண்டிய நேரத்தில் தேடி அலைவதுதான் கொடுமை.

பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். வரிச் சலுகைக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும், போனில் இருக்கும் படத்தை ஏற்க மாட்டார்கள்.

3. வாங்கும் வரிசை

கெடாதது முதலில், கெடுவது கடைசியில். பீங்கான், கத்தி, விசிறி, துணி எல்லாம் பயணத்தின் முன்பாதியில். மாதக்கணக்கில் தாங்கும் இனிப்பு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு. ஒரு வாரம் பத்து நாள் தாங்குவது, கிளம்பும் நாள் அன்று. அன்றே சாப்பிட வேண்டியதை வாங்கிய கையோடு சாப்பிட்டுவிடுங்கள், பெட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கைவினைப் பொருளை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவற்றின் எடையும் அளவும் தெரிந்த பிறகுதான் இனிப்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தெரியும். இனிப்புப் பெட்டிகளில் அட்டையும் காற்றும்தான் அதிகம், எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

4. முதல் நாள் வாங்காதீர்கள், பாருங்கள்

ஒகாசாகி பகுதியில் மியாகோ மெஸ்ஸே கட்டிடத்தின் அடித்தளத்தில் கியோட்டோவின் பாரம்பரியக் கைவினைகள் 74 வகையையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது. நிஷிஜின் நெசவு, யூசென் சாயம், மடக்கு விசிறி, கியோமிசு பீங்கான் என்று நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும் என்பதைக் கண் முதலில் பழகிக்கொள்ள இதைவிடத் தோதான இடம் இல்லை. அப்புறம் தகாஷிமாயா போன்ற பெரிய பல்பொருள் அங்காடியின் மேல்தளத்தில் பாத்திரப் பிரிவை ஒரு சுற்று சுற்றி விலையைப் பாருங்கள். அங்கே விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஓர் அளவுகோல் கிடைக்கும். கியோமிசு கோவிலுக்கு ஏறும் தெருவில் முதலில் கண்ணில் பட்ட கோப்பையை வாங்குகிறவர்கள் இந்த அளவுகோல் இல்லாமல் வாங்குகிறவர்கள்.

ஜப்பான் அரசு 1974இல் கொண்டுவந்த சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பாரம்பரியப் பொருட்களில் ஒரு சிறப்பு முத்திரை ஒட்டியிருக்கும். அது இருந்தால் பொருளின் செய்முறையையும் மூலப்பொருளையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இல்லாவிட்டால் போலி என்று அர்த்தம் ஆகாது. தனியாக வேலை செய்யும் நல்ல குயவர் பலர் இந்த முத்திரை பக்கமே போவதில்லை.

5. பீங்கானும் மண்பாண்டமும்

கோஜோசாகா சரிவில் கடைகள் வரிசையாக இருக்கும். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடி வளையத்தை விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா என்று தெரியும். அப்படி இருந்தால் வீட்டுக் கண்ணாடி மேசையைக் கீறிவிடும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு நகத்தால் மெல்லத் தட்டினால், முழுசான பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். மண்பாண்டத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது எப்போதுமே மந்தமாகத்தான் ஒலிக்கும்.

நம் சமையலுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பீங்கான் நீரை உறிஞ்சாது, சாம்பார் ஊற்றினாலும் கழுவினால் போய்விடும். மண்பாண்டத்தின் மேற்பூச்சில் மயிரிழை மாதிரி வெடிப்புக் கோடுகள் ஓடும். அழகுக்காகவே அப்படி விடுவார்கள். மஞ்சளும் மிளகாயும் அந்தக் கோடுகளில் இறங்கினால் வரவே வராது. அன்றாடச் சாப்பாட்டுக்குப் பீங்கான் வாங்குங்கள், தேநீருக்கும் தயிருக்கும் மண்பாண்டம் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

ஜப்பானில் பாத்திரத் தொகுப்பு வழக்கமாக ஐந்து. ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு செட் வாங்கினால் ஒன்று குறையும், அதே வடிவத்தில் தனிக் கிண்ணம் பிறகு கிடைப்பதும் அரிது. எண்ணிக்கையை முதலிலேயே கேளுங்கள். பொன், வெள்ளிக் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலை பேசாதீர்கள். கடையில் அது அநாகரிகம். கோவில் சந்தையில் மட்டும், இரண்டு மூன்று பொருள் சேர்த்து வாங்கும்போது, சிரித்துக்கொண்டே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

சந்தையில் மூன்று எச்சரிக்கைகள். பழைய பாத்திரங்களின் மேல் வண்ணங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் அலமாரிக்கு வாங்குங்கள், சாப்பிட வேண்டாம். யானைத் தந்தத்தில் செதுக்கிய சின்னப் பொம்மைகள், ஆமை ஓட்டுச் சீப்பு, கொண்டை ஊசி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அங்கே பகிரங்கமாக விற்றாலும், நாடு தாண்டிக் கொண்டுவருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சுங்கத்தில் மாட்டினால் பொருளோடு போகாது. மூன்றாவது, நல்ல சாமான் காலையிலேயே போய்விடும், பத்து மணிக்கு மேல் போய்ப் புலம்பக் கூடாது.

நீங்களே சக்கரத்தில் உட்கார்ந்து கோப்பை செய்யும் வகுப்புக்குப் போனால், செய்த கோப்பையை அன்றே எடுத்து வர முடியாது. காய்ந்து, பூச்சுப் பூசி, சூளையில் சுட்டு முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, எவ்வளவு கட்டணம் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சிலர் ஜப்பானுக்குள் மட்டும்தான் அனுப்புவார்கள்.

6. உருஷி பூசிய மரக்கிண்ணம்

உருஷி மரத்தின் பாலைப் பல அடுக்காகப் பூசிச் செய்யும் கிண்ணத்தைப் போலவே தோற்றத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் அதே கடையில் இருக்கும். ஏமாற்றுவதற்காக வைத்ததில்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டில் உள்கூடு என்ன, மேற்பூச்சு என்ன என்று தனித்தனியாக எழுதியிருக்கும். போன் கேமராவில் மொழிபெயர்ப்பைத் திறந்து அதைப் பாருங்கள். உள்கூடு இயற்கை மரம், பூச்சு உருஷி என்று இரண்டும் இருந்தால்தான் அசல். மரத்தூளும் பிசினும் கலந்த உள்கூடு, யூரித்தேன் பூச்சு என்று இருந்தால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். அசலைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் மைக்ரோவேவிலும் வைக்க முடியாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. அவ்வளவு பார்த்துக்கொள்ள முடியாதென்றால் பிளாஸ்டிக்கே நல்லது.

7. கத்தி

நிஷிகி சந்தையில் இருக்கும் அரித்சுகு 1560இலிருந்து நடக்கும் கடை. எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் சொல்ல வேண்டியது, எதை நறுக்கப் போகிறோம் என்பதைத்தான். இறைச்சி, மீன், காய்கறி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு. வீட்டுச் சமையலுக்குச் சந்தோகு வடிவம் போதும். ஒருபக்கம் மட்டும் கூர் வைத்த கத்தி வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் வேறு வேறு. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

கரிம எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்பது அடுத்த கேள்வி. கரிம எஃகு அற்புதமாக வெட்டும். ஆனால் புளி, எலுமிச்சை, வெங்காயம் பட்டால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் ஒரு ராத்திரியில் துரு ஏறும். வீட்டில் பலர் புழங்கும் சமையலறைக்குத் துருப்பிடிக்காததே சரி. இரண்டுமே கடினமான எஃகு, அதனால் விளிம்பு சுலபமாகத் தெறிக்கும். தேங்காய், எலும்பு, பிரீசரிலிருந்து எடுத்த கட்டி எதிலும் இதைப் போடாதீர்கள். தேங்காய்க்கு அரிவாள் இருக்கவே இருக்கிறது.

கடையில் கட்டிக் கொடுத்த பெட்டியை ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை பிரிக்காதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியை எடுத்துத் திரிவது அங்கே குற்றம். சரியாகப் பொதியாத கத்தியோடு ஷின்கான்சென் அதிவேக ரயிலிலும் ஏற முடியாது. விமானத்தில் செக்-இன் பெட்டியில் மட்டும்.

8. அங்கேயே சாப்பிட வேண்டிய இனிப்புகள்

ஜப்பானிய இனிப்புகளை ஈரப்பதத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருப்பது பச்சை இனிப்பு, 10 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பது உலர் இனிப்பு, இடையில் இருப்பது பாதி உலர்ந்தது. உங்கள் திட்டம் முழுவதும் இந்தப் பிரிவை வைத்துத்தான், ஏனென்றால் ஈரம் கூடக்கூட ஆயுள் குறையும்.

பூவும் இலையுமாகச் செதுக்கிய நெரிகிரி, பருப்பு விழுது பொதிந்த மோச்சி, பிராக்கன் என்ற பெரணிச் செடியின் மாவில் செய்து வறுத்த சோயா மாவைத் தூவிய வாராபி மோச்சி எல்லாம் பச்சை இனிப்பு. இவை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள் காலைக்கு. கமோ நதிக்கரைப் பக்கம் டெமாச்சியில் உள்ள ஃபுதாபா கடையின் மாமே மோச்சிக்கு வரிசை தெருவில் நீளும், சீக்கிரம் போங்கள். வாங்கி நதிக்கரைக்குப் போய்ச் சாப்பிடும்போது மேலே பருந்து வட்டமிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அங்கே பருந்துகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

மிஞ்சிய மோச்சியை ஓட்டல் பிரிட்ஜில் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. குளிரில் அரிசி மாவு இறுகும், மறுநாள் ரப்பர் மாதிரி இருக்கும். பிரிட்ஜில் வைக்கும் அளவுக்கு வாங்காமல் இருப்பதே வழி.

தேநீர்க் கடையில் மாச்சாவோடு (பச்சைத் தேயிலைத் தூளில் கலக்கும் தேநீர்) இனிப்பு வந்தால் இனிப்பை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். மாறி மாறிச் சாப்பிட்டால் மாச்சாவின் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

9. சைவக்காரர்கள் கவனிக்க

இதில் நல்ல செய்தி நிறைய. பாரம்பரிய இனிப்பில் பெரும்பாலும் அரிசி, அசுகி பயறு, வெள்ளை மொச்சை விழுது, சர்க்கரைதான். கட்டியாக்க ஜெலட்டின் சேர்ப்பதில்லை, நம் ஊரில் சைனா கிராஸ் என்று விற்கும் கடல்பாசியைத்தான் சேர்ப்பார்கள். பயறு விழுதைக் கடல்பாசியில் கட்டியாக்கிய யோகான், நெரிகிரி, உலர் சர்க்கரை இனிப்பு, வாராபி மோச்சி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். தோராயாகி, காஸ்தெரா போன்ற கேக் வகைகளில் முட்டை உண்டு, சில மஞ்சு கேக்குகளிலும் இருக்கும். மூஸ், கம்மி, மார்ஷ்மாலோ, மேல்நாட்டு பாணி புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கலாம். ஒகினாவாவின் சின்சுகோ பிஸ்கட் பன்றிக்கொழுப்பில் செய்வது. அப்புறம் யாரும் சந்தேகப்படாத ஒன்று: அரிசி அப்பளம் போன்ற செம்பேய். பார்க்க வெறும் அரிசியும் சோயாவும்தான், ஆனால் மசாலாவில் இறாலும் மீன் சாறும் கலந்த வகைகள் ஏராளம்.

பொட்டலத்தின் பின்பக்கம் மூலப்பொருள் பட்டியல் இருக்கும், கேமரா மொழிபெயர்ப்பு போதும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பச்சை இனிப்பில் பட்டியல் இருக்காது, வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். "நான் சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் மீன் சாறு அந்தக் கணக்கில் வராமலே போகலாம். அதனால் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "ஜெராச்சின் ஹைத்தே இமாஸ்கா?" ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்க இது போதும். ஜெராச்சினுக்குப் பதில் தமாகோ என்றால் முட்டை. மீனுக்குச் சகானா.

10. ஊருக்குக் கொண்டுவரும் இனிப்பு

முதல் இடம் யோகானுக்கு. சர்க்கரை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சிய கெட்டி யோகான் பிரிக்காமல் வைத்தால் பல மாதம், சில வகை ஒரு வருடம்கூடத் தாங்கும். கியோட்டோவில் பிறந்த தோராயா கடையில் சின்னச் சின்ன கட்டிகளாகவே கிடைக்கும், பங்கிட வசதி. அதன் தம்பியான மிசு யோகானில் நீர் அதிகம், ஆயுள் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வாசான்பொன் சர்க்கரையில் அச்சிட்ட உலர் இனிப்பு, கியோட்டோவில் 1847இலிருந்து இதை மட்டுமே செய்துவரும் ரியோகுஜுவான் ஷிமிசு கடையின் கொன்பெய்தோ என்ற சர்க்கரை மிட்டாய், பட்டை மணக்கும் மொறுமொறு யட்சுஹாஷி பிஸ்கட் எல்லாம் நன்றாகத் தாங்கும். மென்மையான பச்சை யட்சுஹாஷிக்கு ஆயுள் குறைவு, கிளம்பும் நாள் வாங்குங்கள். வாசான்பொன் அழுத்தினால் பொடியாகிவிடும், கைப்பையில் வையுங்கள்.

தேதியைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் வருடம், மாதம், நாள் என்ற வரிசை. 27.03.05 என்று இருந்தால் 2027 மார்ச் 5. அவசரத்தில் நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று படித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. தேதியிலும் இரண்டு வகை: ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி குறையாது, ஷோஹி கிகென் என்றால் அதற்குப் பிறகு சாப்பிடவே கூடாது. இரண்டாவது வகையைப் பரிசுக்கு வாங்க வேண்டாம்.

அலுவலகத்துக்கும் சொந்தக்காரருக்கும் என்றால் பல்பொருள் அங்காடியின் அடித்தளத்து இனிப்புப் பிரிவே போதும். தனித்தனியாகப் பொதிந்து எண்ணிக்கை போட்ட பெட்டிகள் இருக்கும். எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டுமோ அத்தனை காகிதப் பையையும் சேர்த்துக் கேளுங்கள்.

11. வரிச் சலுகை

நுகர்வு வரி பொதுவாக 10 சதவீதம், உணவுக்கு 8. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு வரி இல்லை. 2026 அக்டோபர் வரை கடையிலேயே கழித்துவிடுவார்கள். இனிப்பு போன்றவற்றை ஒட்டிய பையில் போட்டுத் தருவார்கள், அதை ஜப்பானுக்குள் பிரிக்கக் கூடாது. வழியில் கொறிக்க வேண்டியதைத் தனி பில்லாகப் போடுங்கள்.

2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. வரியோடு பணம் கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் உறுதி செய்த பிறகு திரும்பப் பெற வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், ஆகவே பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன் சுங்கத்துக்குப் போங்கள். விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

12. பொதிதல்

கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று வெறுமனே அடுக்கக் கூடாது. ஒவ்வொன்றின் உள்ளேயும் சாக்ஸைத் திணித்து, வெளியே குமிழ்த்தாள் சுற்றி, டப்பாவில் நிற்க வையுங்கள். தட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால் மேலிருந்து வரும் அழுத்தம் விளிம்பு வழியே இறங்கும், நடுவில் விழாது. பொதிந்த டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் துணி வேண்டும். பெட்டியின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

மிசு யோகான், ஜெல்லி, புட்டிங், மிசோ (சோயா விழுது) எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

13. வீட்டுக்கு வந்த பிறகு

மண்பாண்டத்தை அப்படியே புழங்கத் தொடங்கினால் முதல் காபியிலேயே கறை இறங்கும். அரிசி கழுவிய தண்ணீரில் முழுக வைத்து மெதுவான தீயில் கால் மணி நேரம், இருபது நிமிடம் காய்ச்சி, அதிலேயே ஆறவிடுங்கள். தண்ணீரில் இருக்கும் மாவு நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். பிறகு கழுவி நன்றாகக் காயவைத்து அலமாரியில் வையுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். கரிம எஃகுக் கத்தியை ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, கொஞ்ச நாள் புழங்கப்போவதில்லை என்றால் மெல்லிய எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். யோகானை வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் ஒட்டாது.